பிழை அந்த வரியில் இல்லை

பிஎச்பியில் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்று வந்தால், பலரும் செய்தியின் கடைசியில் உள்ள வரி எண்ணுக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே செஷன் தொடங்கும் வரியோ, வேறு பக்கத்துக்கு அனுப்பும் வரியோ இருக்கும். அதில் குற்றமே இருக்காது. படிக்க வேண்டியது அடைப்புக்குறிக்குள் வரும் ‘அவுட்புட் ஸ்டார்ட்டட் அட்’ என்ற துண்டை. சர்வர் முதலில் ஹெடர்களை அனுப்புகிறது, பிறகு ஒரு வெற்று வரி, அதன்பின் உள்ளடக்கம். பிஎச்பியின் தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் அது உள்ளடக்கம்தான். அது கிளம்பிவிட்டால் குக்கி வைக்கவும் முடியாது, பக்கத்தைத் திருப்பவும் முடியாது. திண்டிவனத்திலிருந்து வந்த பேருந்து கூட்டேரிப்பட்டைத் தாண்டிப் போனபிறகு மயிலத்துக்குத் திருப்பச் சொல்வது போன்ற நிலை அது.

செய்தி முதல் வரியைக் காட்டுகிறது, திறந்து பார்த்தால் அங்கே எதுவும் இல்லை என்றால், பிஓஎம்மைச் சந்தேகியுங்கள். கோப்பின் தலையில் ஒளிந்திருக்கும் 3 பைட் அது. தமிழில் தளம் செய்கிறவர்களை இது கூடுதலாகவே வதைத்திருக்கிறது. விண்டோஸ் நோட்பேடில் ஆன்சி முறையில் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்; யூடிஎஃப்-8 தேர்ந்தால் பழைய நோட்பேட் பிஓஎம்மையும் சேர்த்துவிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 இயல்பாயிற்று. ஆகவே இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். தாய்மொழியில் ஒரு தலைப்பு எழுதியதற்குக் கருவி வாங்கிய அபராதம் அது. வேர்ட்பிரஸில் பிளகின் ஒன்றை இயக்கும்போது, எதிர்பாராத 3 எழுத்துகள் வெளியாயின என்று எச்சரிக்கை வந்தால், அந்த 3 அநேகமாக இதுதான். நோட்பேட்++, விஎஸ் கோட் போன்ற எடிட்டரில் திறந்து, பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் தீர்ந்தது.

‘என் கணினியில் ஓடுகிறதே, ஹோஸ்டிங்காரர்தான் ஏதோ செய்துவிட்டார்’ என்பார்கள். பிஎச்பியுடன் வரும் மாதிரி அமைப்புக் கோப்புகளில் அவுட்புட் பஃபரிங் 4096 பைட் என்று இருக்கிறது. அமைப்புக் கோப்பே இல்லாவிட்டால் அது அணைந்திருக்கும். பஃபர் இருக்கும் இடத்தில் ஸ்பேஸ் காத்திருக்கிறது, இல்லாத இடத்தில் உடனே கிளம்பிவிடுகிறது. குறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அப்படியானால் பஃபரை எல்லா இடத்திலும் போட்டுவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. பிழைச் செய்தி மறையும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்பேஸ் எங்கும் போய்விடவில்லை, உள்ளடக்கத்தோடு சேர்ந்தே போகிறது. ஆர்எஸ்எஸ் ஓடையில் எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு முன்னால் அது நின்றால் ஓடை முழுதும் செல்லாது. ஸ்கிரிப்ட் உருவாக்கும் படத்தின் தலையில் ஒட்டினால் படம் திறக்காது. அப்போது வரி எண் காட்டவும் செய்தி இருக்காது.

கோப்பின் வாலையும் பாருங்கள். முடிவுக் குறியை ஒட்டி வரும் ஒரு புதுவரியைப் பிஎச்பி விழுங்கிக்கொள்ளும், இரண்டாவதை விழுங்காது. பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் முடிவுக் குறியே வேண்டாம் என்று பிஎஸ்ஆர்-12 விதி சொல்வது இதற்காகவும்தான்.