பேட்டர்ன்கள் சந்திக்கும் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

டிசைன் பேட்டர்ன் என்பது மென்பொருளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு சிக்கலுக்குப் பலர் கையாண்டு தேறிய தீர்வு. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடீஸ் ஆகிய நால்வரின் 1994ஆம் ஆண்டு நூல் இப்படி 23 தீர்வுகளைத் தொகுத்தது. அவை ஒன்றோடொன்று கொள்ளும் உறவை அம்புக்குறிகளால் காட்டும் படமும் அந்நூலில் உண்டு. நேர்முகத் தேர்வுக்கு மனப்பாடம் செய்பவர்கள் அந்தப் பக்கத்தில் நிற்பதில்லை. ஆனால் நிரலின் தரம் கெடுவதும் தேறுவதும் பெரும்பாலும் அந்த உறவுகளில்தான்.

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் போன்ற கரும்பாலைகளுக்கு ஒரு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். எடைமேடையில் வண்டியின் எடை பதிவானதும் விவசாயி கணக்கு, வெட்டு உத்தரவு, குறுஞ்செய்தி மூன்றுக்கும் தகவல் போக வேண்டும். அதற்கு, ஒன்றில் நிகழ்வதைப் பதிந்துகொண்ட மற்றவற்றுக்கு அறிவிக்கும் அப்சர்வர் பேட்டர்ன் பொருந்தும். எடைமேடை கிளாஸ் யாரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டியதில்லை. அதே எடைமேடையை, நிரல் முழுவதற்கும் ஒன்றே இருக்கும் சிங்கிள்டன் ஆக்கினால் நிலைமை மாறுகிறது. நிரலைச் சரிபார்க்கும் ஒரு சோதனையில் பதிந்த அப்சர்வர்கள் நீக்கப்படாமல் அடுத்த சோதனையிலும் குறுக்கிடும். தனித்தனியே குற்றமில்லாத இரண்டும் சேர்ந்ததும் சோதனை நம்பகம் இழக்கிறது.

கோட்டம், ஊர், வயல் என்ற அடுக்குக்குக் காம்போசிட் நல்லது: மொத்தப் பரப்பை மூன்றிடமும் ஒரே விதமாகக் கேட்கலாம். அதன்மேல், செயல்களை வயல் வகைகளிலிருந்து பிரித்து வைக்கும் விசிட்டர் வைத்தால் புதிய அறிக்கைகள் சேர்ப்பது எளிது. ஆனால் குத்தகை வயல் என்று ஒரு புதிய வகை நுழைந்தால், இருக்கிற விசிட்டர் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டிவரும். அறிக்கைகள் பெருகுமா, வயல் வகைகள் பெருகுமா என்று ஆலைக்காரரிடம் கேட்காமல் இதை முடிவு செய்யக் கூடாது.

பேட்டர்ன்கள் இப்படி நெருங்கிச் சேர்வது எப்போதும் கேடல்ல. கென்ட் பெக்கும் காமாவும் உருவாக்கிய ஜேயூனிட் என்ற சோதனைக் கருவியின் தொடக்க வடிவில் ஒரே கிளாஸைச் சுற்றிக் கமாண்ட், டெம்ப்ளேட் மெத்தட், காம்போசிட் முதலிய பேட்டர்ன்கள் கூடின. அப்படிப்பட்ட கிளாஸைப் பயன்படுத்துவது எளிது, மாற்றுவது கடினம். முதிர்ந்து நிலைத்த மையத்துக்கு அது தகும். பிறந்து ஒரு மாதமான நிரலுக்குத் தகாது. நம் ஆலை மென்பொருளிலோ கரும்பு விலை பருவத்துக்குப் பருவம் மாறுவது. விலைக் கணக்கீட்டை, வேண்டும்போது மாற்றி வைக்கத்தக்க ஸ்ட்ராடஜியாகப் பிரித்து, வேறெதுவும் அதில் ஒட்டாமல் முதலில் எழுதுவது நல்லது.

அன்புடன்,
பெரியப்பா,
கள்ளக்குறிச்சி