அறிவிப்புத் தாளில் எழுத்துப் பெட்டியும் அலங்கார எழுத்தும்

பெரட்டுக்களத்துப் பலகையிலும், கோயில் வாசலிலும், தமிழ்ப்பள்ளிச் சுவரிலும் ஒட்டப்படும் அறிவிப்புகள் முன்னாளில் கையால் எழுதப்பட்டன. அல்லது கிராணியாரின் தட்டச்சுப் பொறியில் உருவாயின. இன்று அப்பணியைப் பெரும்பாலும் தோட்டத்து இளைஞர்களே கணினியில் செய்து முடிக்கின்றனர். இது பாராட்டத்தக்கதே. ஆயினும், எழுத்துக்கு நிழலும் ஒளியும் வளைவும் கொடுக்கும் வசதி கைக்கு எட்டியதும், அறிவிப்பின் பயன் மறைந்து கோலம் மட்டும் எஞ்சிவிடுவதையும் காண்கிறோம். ஆகவே, மைக்ரோசாப்ட் வேர்ட் என்னும் சொற்செயலியில் உள்ள எழுத்துப் பெட்டி, அலங்கார எழுத்து ஆகிய இரண்டின் இயல்பையும் இங்குக் காண்போம்.

எடுத்துக்காட்டாக ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். தேசியப் பதிவு இலாகாவின் நடமாடும் குழு ஒரு தோட்டத்து மண்டபத்திற்கு வரவிருக்கிறது எனக் கொள்க. அவ்வறிவிப்பில் நாள், நேரம், இடம், கொண்டுவர வேண்டிய பத்திரங்கள் ஆகிய நான்கு செய்திகள் இருந்தாக வேண்டும். கடைசிச் செய்தி கண்ணில் படாமற் போனால் என்ன நேரும்? பால்வெட்டு வேலையை விட்டு, அன்றைய சம்பளத்தை இழந்து, வரிசையில் காத்து நின்ற மூதாட்டி ஒருவர், பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவராத காரணத்தால் வெறுங்கையுடன் லயத்துக்குத் திரும்புவார். அக்குழு மறுபடி வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இன்றேல் பேருந்துச் செலவு செய்து பட்டணத்திற்குப் போக வேண்டும். ஒரு வரி மறைந்ததற்கு அவர் கொடுக்கும் விலை அது.

அந்த வரி எவ்வாறு மறைகிறது? பெரும்பாலும் எழுத்துப் பெட்டிக்குள்தான். 'இன்செர்ட்' என்னும் தலைப்பின்கீழ் 'டெக்ஸ்ட் பாக்ஸ்' என்பதை அழுத்தி, தாளில் விரும்பிய இடத்தில் பெட்டி ஒன்றை வரையலாம். அது தாளில் ஓடும் வரிகளோடு சேராமல் தனித்து மிதக்கும். முக்கியச் செய்தியைக் கட்டத்துக்குள் எடுத்துக்காட்டுவதற்கு இது ஏற்றதே. ஆனால், நாம் வரைந்த அளவிலேயே அப்பெட்டி நிற்கும் என்பதை மறத்தலாகாது. மரத்தில் கட்டிய மங்கு நிறைந்துவிட்டால், மேலும் வடியும் பால் மண்ணில் வழிவதைக் கண்ணால் காண்கிறோம். எழுத்துப் பெட்டியோ வழிவதைக் காட்டுவதில்லை. இடத்துக்கு மிஞ்சிய வரிகள் பெட்டியின் அடிவிளிம்புக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். திரையிலும் தெரியா, அச்சிலும் வாரா. எழுத்தின் அளவைச் சற்றே பெரிதாக்கினால் கடைசி வரி காணாமற் போவது இதனால்தான். அந்தக் கடைசி வரியில்தான் வழக்கமாக 'பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு வரவும்' என்று எழுதியிருப்போம்!

இதற்குப் பரிகாரம் எளிது. பெட்டியின் விளிம்பில் வலப்பொத்தானை அழுத்தி, 'ஃபார்மேட் ஷேப்' என்பதைத் திறந்து, அதில் எழுத்துப் பெட்டிக்குரிய பகுதியில் எழுத்துக்கேற்பப் பெட்டி வளரும்படி குறியிட்டால் போதும். அதன் பின்னர் வரிகள் கூடக் கூடப் பெட்டியும் நீளும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. மிதக்கும் பெட்டி ஒவ்வொன்றும் தாளிலுள்ள ஏதேனும் ஒரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கும். பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஓரத்தில் தோன்றும் சிறு நங்கூரச் சின்னம், அது எந்தப் பத்தியோடு கட்டப்பட்டுள்ளது என்பதைக் காட்டும். அந்தப் பத்தி நகர்ந்தால் பெட்டியும் நகரும். அந்தப் பத்தியை முழுவதும் அழித்தால் பெட்டியும் உடன் அழியும். சென்ற ஆண்டு அறிவிப்பைத் திருத்திப் புதியது செய்வோர், பழைய வரிகளை அழித்துவிட்டு, 'பெட்டி எங்கே போயிற்று?' என்று தேடுவதற்குக் காரணம் இதுவே.

நாளும் நேரமும் பலவாக இருந்தால், பெட்டிகளை வரிசையாக அடுக்குவதைவிட அட்டவணை போடுவதே நன்று. மலாய் மொழியையும் தமிழையும் இருபுறமும் இணையாக அமைப்பதற்கும் அட்டவணையே தக்கது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அட்டவணையின் கட்டங்கள் அவ்வாறு ஏறுவதில்லை.

இனி அலங்கார எழுத்து. 'வேர்ட் ஆர்ட்' எனப்படும் இவ்வசதியால் எழுத்தை வில்லாக வளைக்கலாம், அலையாக நெளிக்கலாம், நிழல், ஒளிவட்டம், வெளிக்கோடு முதலியவற்றைச் சேர்க்கலாம். இவை யாவும் ஆங்கில எழுத்தை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை போலும். தமிழெழுத்தின் உயிர் சிறு குறிகளில் இருக்கிறது. 'கி'யையும் 'கீ'யையும் பிரிப்பது ஒரு சுழி. 'க'வையும் 'க்'கையும் பிரிப்பது ஒரு புள்ளி. தடித்த வெளிக்கோடு இட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நிழல் கனத்தால் 'ண'வின் சுழிகள் அடைபட்டு, 'ன'வோடு மயங்கும். வளைவு வடிவங்களோ எழுத்தை இழுத்து நிரப்புவதால், சுழி ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும். வெள்ளெழுத்து வந்த கண்களுக்கு இது வீண் சோதனை.

ஆகவே, அலங்காரத்தைத் தலைப்போடு நிறுத்திக்கொள்வதே முறை. 'மாரியம்மன் கோயில் திருவிழா' என்ற தலைப்பு வளைந்திருந்தால் அழகுதான். அதைப் பார்த்தவுடன் எவரும் புரிந்துகொள்வர். ஆனால் நாள், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை வளைத்தல் கூடாது. எழுத்துகளுக்கிடையே இடைவெளியை அகலப்படுத்தும் வசதியும் தமிழுக்கு ஒவ்வாதது. கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகி நிற்கக்கூடும்.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான அறிவிப்புகள் கறுப்பு வெள்ளையில்தான் நகலெடுக்கப்படுகின்றன. நீலத்தின்மேல் எழுதிய சிவப்பு எழுத்து நகலில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

எழுத்துருவிலும் விழிப்பு வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து ஆக்கப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அறிவிப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். யூனிகோடு முறையில் எழுதினால் இத்தொல்லை இல்லை. விண்டோஸ் 2000 முதல் லதா எழுத்துருவும், விண்டோஸ் 8 முதல் நிர்மலா எழுத்துருவும் அவ்வகையில் வெளிவந்துள்ளன. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் கொண்டும் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்யலாம்.

வாட்ஸ்அப் வழியாக அறிவிப்பை அனுப்புவோர், வேர்ட் கோப்பாகவே அனுப்புவதைத் தவிர்க்கவும். கைத்தொலைபேசியில் பெட்டிகள் இடம் மாறித் தோன்றலாம், எழுத்துருவும் மாறலாம். 'சேவ் ஏஸ்' என்பதன் வழியாகப் பிடிஎஃப் கோப்பாக மாற்றினால், நாம் அமைத்தவாறே பிறர் காண்பர்.

ஒட்டுவதற்கு முன்னர் ஒரே ஒரு தாளை அச்சிட்டுச் சுவரில் பொருத்துக. பத்தடி தள்ளி நின்று, மாலை வெளிச்சத்தில், கண்ணாடி அணிந்த மூத்தவர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுக. அவர் தடுமாறும் இடத்தில் அலங்காரத்தை நீக்குக. படித்து முடித்தபின், 'என்னென்ன பத்திரம் கொண்டுபோக வேண்டும்?' என்று கேளுங்கள். அவர் தாளைத் திரும்பிப் பாராமல் விடை கூறினால், மீதிப் பிரதிகளை அச்சிடலாம்.