சோற்றுக்கற்றாழை: நீர் மிகுந்தால் அழுகும்

வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் பல நாட்கள் பசுமை மாறாமல் இருப்பது சோற்றுக்கற்றாழை. இதன் இலைச் சோற்றில் பெரும்பகுதி நீரே. இலைத் துளைகள் பகலில் மூடி, இரவில் திறப்பதால் அந்த நீர் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே வீட்டுத் தொட்டியில் இச்செடி வாடிச் சாவதைவிட, நீர் மிகுந்து அழுகிச் சாவதே அதிகம்.

தாய்ச்செடியைச் சுற்றி முளைக்கும் பக்கக் கன்றுகளில் நான்கைந்து இலைகள் விட்டவற்றை வேருடன் பிரித்தெடுக்க வேண்டும். வெட்டுவாய் உலர இரண்டு, மூன்று நாட்கள் நிழலில் வைத்த பின்னரே நடுதல் நலம். அடியில் துளையுள்ள மண்தொட்டியில் மணல் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நிரப்பலாம். விரலை 2 அங்குலம் விட்டுப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். தோட்டத்தில் நடுவதாயின் நீர் தேங்காத மேட்டு நிலமே ஏற்றது.

அடியிலைகள் மஞ்சளாகிக் கொழகொழவென்று ஆனால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அறியலாம். உடனே செடியைப் பிடுங்கி, அழுகிய வேர்களை நீக்கி, உலர்த்தி, புது மண்ணில் நட்டால் பெரும்பாலும் பிழைக்கும்.

முற்றிய அடியிலைகளையே அறுக்க வேண்டும். அறுத்த இடத்தில் வடியும் மஞ்சள் பால் கடும் பேதியை உண்டாக்கும். அறுத்த முனை கீழ்நோக்கி இருக்கச் சாய்த்துவைத்து, பால் முழுவதும் வடிந்தபின் தோல் சீவி, சோற்றைப் பலமுறை கழுவ வேண்டும். நீர் ஊற்றி ஆற்றிய சிறு தீக்காயத்தின்மேல் இதைத் தடவலாம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உள்ளுக்குக் கொடுத்தல் கூடாது.