திருத்தணியிலிருந்து ஆக்ஸ்போர்டு வரை

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, காக்களூருக்கு அண்மையிலுள்ள புட்லூர் நிலையத்தையும் திருவள்ளூரையும் கடந்து அரக்கோணத்தை அடைகின்றது. ஆங்கிருந்து பிரியும் கிளையொன்று திருத்தணி வழியாக இரேணிகுண்டாவைச் சேர்கின்றது. காக்களூரில் இன்று தொழிற்பேட்டை ஓங்கி வளர்ந்துள்ளது. இயந்திரங்களின் ஒலி கேட்டு வளரும் இளைஞர், கைத்தொழிலும் பொறியியலும் கற்க விழைதல் இயல்பே. ஆனால், “மொழியும் வரலாறும் தத்துவமும் கற்பவர்க்கு வாழ்வு ஏது?” என்று கேட்போரும் உளர். இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. இதற்கு விடையாக வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவர், இவ்விருப்புப்பாதை செல்லும் திருத்தணியிலேயே தோன்றினார். அவரே டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் ஆவர்.

இராதாகிருஷ்ணன் 1888 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5 ஆம் நாள், செல்வவளம் இல்லாத தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வாழ்வின் முதல் எட்டாண்டுகள் திருத்தணியிலே கழிந்தன. பின்னர்ப் பன்னீராண்டுகள் திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய ஊர்களில் கிறித்தவச் சமயத் தொண்டர்கள் நடத்திய கல்வி நிலையங்களில் பயின்றார்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவத்தைப் பாடமாகக் கொண்டது தற்செயலாக நேர்ந்ததே. தேர்வு எழுதி முடித்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களை அவருக்குக் கொடுத்துதவினார். அந்நூல்கள் தத்துவ நூல்களாக இருந்தன. புதுநூல் வாங்கப் பொருளற்ற மாணவர், கைக்கு வந்த நூல்களையே பற்றிக்கொண்டார். தேடாது வந்த துறையைத் தம் உயிர்த்துறையாக ஆக்கிக்கொண்டமையே அவர்தம் தனிச்சிறப்பு.

அக்காலத்தில் மேலைநாட்டாசிரியர் சிலர், இந்தியச் சமயங்களில் பொருளற்ற கொள்கைகளே மலிந்துள்ளன என்றும், உலகைப் பொய்யெனக் கருதும் வேதாந்தத்தில் அறத்திற்கு இடமே இல்லை என்றும் உரைத்து வந்தனர். இளைஞர் உள்ளத்தை இவ்வுரைகள் புண்படுத்தின. சினங்கொண்டு வாதிடுதல் ஒரு வழி. தம் முன்னோரை இகழ்ந்து அவர் கூற்றை ஏற்றுக்கொள்ளுதல் மற்றொரு வழி. இராதாகிருஷ்ணன் இவ்விரண்டையும் விடுத்தார். ‘அவர்கள் கூறுவது மெய்தானா?’ என்று ஆராயப் புகுந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாகவே, முதுகலைத் தேர்வுக்கென வேதாந்தத்தின் அறநெறி பற்றிய கட்டுரை உருவாயிற்று. 1908 ஆம் ஆண்டில் அது நூலாகவும் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது இருபதே. வியப்பு யாதெனின், அதனைப் பாராட்டிச் சான்று வழங்கிய பேராசிரியர் ஆக் என்பவர் தாமும் ஒரு சமயத் தொண்டரே! நேர்மையோடு எழுதப்பட்ட மறுப்பை, மாற்றுக் கருத்துடையாரும் மதிப்பர் என்பது இதனால் விளங்கும்.

1909 ஆம் ஆண்டில் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியரானார். பாடம் சொல்லிக்கொண்டே வடமொழி மூலநூல்களையும் மேலைநாட்டு மெய்ந்நூல்களையும் ஒருங்கே பயின்றார். பயின்றவற்றை எழுதி, வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களுக்கு அனுப்பினார். பகவத்கீதையின் அறத்தையும் செருமானிய அறிஞர் காண்ட் என்பவரின் அறத்தையும் ஒப்பிட்ட கட்டுரை 1911 ஆம் ஆண்டில் அத்தகைய இதழொன்றில் வெளிவந்தது. கப்பலேறிச் செல்லாத இளம் ஆசிரியரின் பெயர், அவர் எழுத்தின் வாயிலாகக் கடல் கடந்து சென்றது.

1918 இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும், 1921 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகமும் அவரைப் பேராசிரியராக ஏற்றன. மியூர்ஹெட் என்னும் ஆங்கில அறிஞர், தாம் பதிப்பித்து வந்த தத்துவ நூல்வரிசைக்காக இந்தியத் தத்துவம் பற்றி எழுதுமாறு அவரை வேண்டினார். அந்நூலின் முதற்பகுதி 1923 இலும், இரண்டாம் பகுதி 1927 இலும் வெளிவந்தன. புத்தர் பெருமானின் கருத்துகளை அவர் விளக்கிய முறையை ஏலாத அறிஞரும் இருந்தனர். அவர்களை அவர் வெறுத்திலர்; மறுபதிப்பில் பிற்சேர்க்கை ஒன்று சேர்த்து, அவர்தம் ஐயங்களுக்கு அமைதியாக விடை எழுதினார்.

1926 ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரின் மான்செஸ்டர்க் கல்லூரியில் இந்து சமய வாழ்வைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் ஹார்வர்டில் கூடிய உலகத் தத்துவப் பேரவையிலும் பேசினார். 1930 இல் சிகாகோவில் உரையாற்றினார். 1936 இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் கீழைநாட்டுச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் உரிய பேராசிரியர் இருக்கையில் அவரை அமர்த்திற்று. வெளிநாட்டில் மாணவராகப் பயிலாத ஒருவர், வெளிநாட்டு மாணவர்க்கு ஆசிரியராயினார்! 1952 வரை அவ்விருக்கை அவருக்கு உரியதாயிருந்தது. அவ்விடைக்காலத்தில் 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பையும் தாங்கினார்.

இவ்வுயர்வுக்குக் காரணங்கள் யாவை? தம் நாட்டு நூல்களை மூலத்திலேயே கற்றமை ஒன்று. பிறநாட்டார் சிந்தனையை நடுநிலையோடு அறிந்து, அவர்க்கு விளங்கும் மொழியில் பேசியமை மற்றொன்று. ஒரு கட்டுரை வெளிவந்ததும் அமைந்துவிடாது, ஆண்டுதோறும் இடையறாது எழுதியமை பிறிதொன்று. இவற்றுள் எதுவும் செல்வத்தால் பெறப்படுவதன்று, பிறப்பால் வருவதுமன்று. பழகப் பழகக் கைவருவன இவை.

நாடு விடுதலை பெற்றபின், 1948 இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணைக்குழுவுக்கு அவர் தலைவரானார். பின்னர்ச் சோவியத்து நாட்டில் தூதராகவும், 1952 முதல் குடியரசுத் துணைத்தலைவராகவும், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். 1962 தொடங்கி அவர் பிறந்தநாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. இத்தனை பதவிகளை வகித்தவரை நாடு ஆசிரியராகவே நினைவில் வைத்துள்ளது. 1975 ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 17 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

திருத்தணி 1960 ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இந்நாளில் திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. காக்களூரின் தொழிற்கூடங்களில் உழைப்போரின் மக்களுக்கும் அவ்வூர் தொலைவன்று. பொறியியல் கற்பார் கற்கட்டும். அது நாட்டுக்கு வேண்டுவதே. எனினும், பழைய நூலொன்றை விரித்து வைத்துக்கொண்டு அதன் பொருளை நாடும் மாணவனைக் கண்டு, “இதனால் என்ன பயன்?” என்று எவரும் எள்ளற்க. உறவினர் கொடுத்த சில பழைய நூல்களே, திருத்தணிச் சிறுவனுக்கு ஆக்ஸ்போர்டின் வாயிலைத் திறந்துவிட்டன.