ஃபியூஸ் பாக்ஸில் இழுத்த லைன்: வாரண்டியும் இன்சூரன்ஸும் போய்விடுமா?

கேள்வி: எனக்குக் குன்னம் பக்கம். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து லாரிகளுக்கு நடுவே வரவேண்டியிருப்பதால் காரில் டேஷ் கேமராவும் இரண்டு ஃபாக் லேம்பும் மாட்டினேன். பெரம்பலூரில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் பாக்ஸிலிருந்தே லைன் எடுத்துக் கொடுத்தார். பில் தரவில்லை, பணம் ஜிபேயில் அனுப்பினேன். நடுவில் இரண்டு தடவை ஃபியூஸ் போனது. நீல ஃபியூஸை எடுத்துவிட்டுப் பச்சை ஃபியூஸ் போட்டார், அதன்பின் போகவில்லை. போன மாதம் தொழுதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, திருமாந்துறை டோல்கேட்டைத் தாண்டியதும் டேஷ்போர்டுக்கு அடியில் புகை வந்து தீப்பிடித்தது. பக்கத்து டீக்கடைக்காரர்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். வயரிங், டேஷ்போர்டு, முன்சீட் எல்லாம் போயிற்று. ‘வெளியே வயரில் கைவைத்தால் முழு வாரண்டியும் ரத்து’ என்கிறது ஷோரூம். ‘மின்கோளாறு பாலிசியில் வராது, அனுமதியில்லாத மாற்றமும் செய்திருக்கிறீர்கள்’ என்று இன்சூரன்ஸ் கம்பெனி கடிதம் கொடுத்துவிட்டது. கார் ஷோரூமில்தான் நிற்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. எனக்கு வழி உண்டா? கூடுதல் லைட் போட்டதற்கு வழக்கு வருமா?
— வாசகர், குன்னம்

பதில்: ஆள் தப்பித்தீர்களே, அதுவே பெரிது. 2023 பிப்ரவரியில் கண்ணூரில், மாவட்ட மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே, ஓடும் காரின் முன்பக்கம் பற்றிக்கொண்டதில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரும் அவர் கணவரும் இறந்துபோனார்கள். பின்சீட்டில் இருந்த உறவினர்கள்தான் வெளியே வர முடிந்தது. முதல்கட்ட ஆய்வு மின்கசிவைத்தான் காட்டியது.

காரை இன்னும் பிரிக்கவில்லை என்கிறீர்கள். பிரிக்க விடாதீர்கள். ‘ஃபியூஸ் பாக்ஸ், வயரிங், மாட்டிய லைட், கேமரா எதையும் கழற்றவோ தூக்கிப் போடவோ கூடாது, நான் இல்லாமல் திறக்கவும் கூடாது’ என்று ஷோரூமுக்கு இன்றைக்கே பதிவுத் தபாலில் எழுதுங்கள், மெயிலும் போடுங்கள். எரிந்த வயரைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது வயரிங் மாட்டி, பெரிய பில்லோடு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக வாதாட என்னிடம் வாய்தான் மிஞ்சும். உங்கள் கேஸில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த லைன்தான் தீக்குக் காரணமா? பதில் கருகிய வயர்க்கட்டுக்குள் இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். ஃபியூஸ் காப்பது லைட்டை அல்ல, வயரை. வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள் கரண்ட் நிற்க வேண்டும், மீறினால் ஃபியூஸ் முதலில் உருக வேண்டும். உங்கள் காரில் இருந்த நீல ஃபியூஸ் 15 ஆம்பியர், பச்சை 30. சாதாரண ஹாலஜன் ஃபாக் லேம்ப் ஒன்று 55 வாட் என்றால் இரண்டுக்கும் 110 வாட். 12 வோல்ட்டில் அதுவே 9 ஆம்பியருக்கு மேல். அந்த லைனில் ஏற்கெனவே இருந்த சுமையும் சேர்ந்து 15-ஐத் தாண்டியதால் ஃபியூஸ் போயிருக்கிறது. அதன் வேலையை அது சரியாகச் செய்தது. 30 போட்ட பிறகு, மெல்லிய வயர் கொதித்தாலும் தடுக்க ஆளில்லை. ஃபாக் லேம்புக்கு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு ரிலே வைத்து லைன் எடுப்பதுதான் முறை. ஒரு ஆம்பியர்கூட எடுக்காத டேஷ் கேமரா வேறு விஷயம். அதைத் தகுந்த ஃபியூஸ் டேப் வைத்து, ஏர்பேக், ஏபிஎஸ், ஈசியூ லைன்களைத் தொடாமல் மாட்டினால் பழுதில்லை.

ஆகவே பச்சை ஃபியூஸ் உருகாமல் இருந்து, அந்த லைன் வயர் நெடுகக் கருகியிருந்தால், காரணம் அதுதான். தீ தொடங்கிய இடம் அதற்குச் சம்பந்தமில்லாத கம்பெனி வயரிங்கில், ஸ்டீயரிங் அடியிலோ ஏசி ப்ளோயர் பக்கத்திலோ இருந்தால் கதை மாறும். சொந்தச் செலவில் லைசென்ஸ் பெற்ற சர்வேயர் ஒருவரை அழைத்துப் போய், அவர் முன்னிலையில் திறந்து, போட்டோவும் வீடியோவும் எடுங்கள். ஃபியூஸ் மாற்றிய கதையை யாரிடமும் மறைக்காதீர்கள். கிளெய்ம் படிவத்தில் ஒரு பொய் இருந்தால் நல்ல கேஸும் கெட்டுவிடும்.

இன்சூரன்ஸ் கடிதத்துக்கு வருகிறேன். கம்பெனி பாதி வரியைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறது. நம் நாட்டுத் தனியார் கார் பேக்கேஜ் பாலிசியில் ‘மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் பிரேக்டவுனுக்குப் பணம் இல்லை’ என்ற விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அதே பாலிசி இழப்பீடு தரும் காரணங்களில் தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வயர் பொசுங்கிக் கார் நின்றிருந்தால் அது பிரேக்டவுன். சுடர் விட்டு சீட்டும் டேஷ்போர்டும் எரிந்தால் அது தீ. உங்களுடையது இரண்டாவது. தீயணைப்பு வண்டி வரவில்லை என்பதால் அணைத்தவர்களிடம் கையெழுத்தோடு வாக்குமூலம் வாங்கி வையுங்கள், இன்னும் ஞாபகம் இருக்கும்போதே.

கேமராவுக்கும் லேம்புக்கும் மட்டும் பணம் வராது. வெளியே மாட்டும் மின்சாமான்களின் மதிப்பைச் சொல்லி, அதற்குத் தனி பிரீமியம் கட்டி, ஐஎம்டி 24 என்ற ஒப்புதலைப் பாலிசியில் ஏற்றியிருந்தால்தான் அவை சேரும். நீங்கள் ஏற்றவில்லை. ஆனால் சில ஆயிரம் ரூபாய் லேம்பைச் சொல்லவில்லை என்பது காரின் இழப்பையே மறுக்கக் காரணம் ஆகாது.

விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது என்று 2007-இல் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல என்பது 2009-இல் பிரதீப் குமார் வழக்கு. நிராகரிப்புக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைக் கோர்ட்டுக்கு வந்த பிறகு கிளப்ப முடியாது என்பது 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கு. அதனால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், சர்வே அறிக்கையின் நகலையும் எழுதிக் கேளுங்கள்.

‘வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைக் காட்டிக் கம்பெனி பச்சை ஃபியூஸைப் பிடிக்கும். தொழில் தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்ததை அசட்டை என்று சொல்ல முடியாது என்பதே நம் வாதம். நிபந்தனை மீறல் என்றே வைத்துக்கொண்டாலும், 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில், சொந்தக் காரை வாடகைக்கு விட்டவருக்கே, கிளெய்மை மொத்தமாக மறுக்கக் கூடாது என்று சொல்லி, ஒரு பகுதித் தொகையை உச்ச நீதிமன்றம் வாங்கிக் கொடுத்தது. உங்களுக்கும் அப்படியே கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பேச்சுவார்த்தையில் அது நல்ல பிடி.

வாரண்டி விஷயத்தில் யூடியூப் சொல்வதை நம்பாதீர்கள். ‘வெளிச்சாமான் மாட்டினால் வாரண்டியை ரத்து செய்ய முடியாது’ என்று அங்கே பேசுகிறவர்கள் அமெரிக்காவின் 1975-ஆம் வருடத்து மேக்னசன்-மாஸ் சட்டத்தை வைத்துப் பேசுகிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. நமக்கு இருப்பது வாரண்டி புத்தகத்தின் வாசகமும் நுகர்வோர் சட்டமும்தான். வெளியே ரிப்பேர் பார்த்தாலே வாரண்டி ரத்து என்ற மொத்த நிபந்தனை கூடாது, தவறான வேலையால் வந்த சேதம் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று 2014 ஆகஸ்ட்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிரான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனதால் அதைக் கட்டளையாகக் காட்ட முடியாது. ஆனால் அதில் உள்ள நியாயத்தை எந்த நுகர்வோர் ஆணையத்திலும் எடுத்து வைக்கலாம். ‘எந்த விதியின்படி, எந்தெந்தப் பாகத்துக்கு வாரண்டி இல்லை’ என்று எழுத்தில் கேளுங்கள். எரிந்த வயரிங்கை மறுக்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு கியர்பாக்ஸ் போனால் மறுக்க இல்லை. தீக்காகக் கார் கம்பெனியிடமே நஷ்டஈடு கேட்பது, தொடங்கிய இடம் கம்பெனி வயரிங் என்று சர்வேயர் சொன்னால் ஒழிய, வீண்செலவு.

அபராதத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கும் ‘மாற்றம்’ என்பது வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அமைப்பை மாற்றுவது. 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்ததும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாகச் செய்வதைத்தான். டேஷ் கேமரா அதில் சேராது. ‘அனுமதியில்லாத மாற்றம்’ என்ற கடிதத்தின் வரிக்கும் இதுவே பதில். லேம்பில் கவனம் தேவை: முன்பக்கம் ஸ்பாட் லைட் வைப்பதை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111-ஆவது விதி தடுக்கிறது. அனுமதியில்லாத பொருத்தலுக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் பட்டை லைட்டாக இருந்தால் திரும்ப மாட்டாதீர்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவருக்கும் கண் தெரிய வேண்டும்.

எங்கே போவது? முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், மறுபடி மறுத்தாலும், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அங்கே அனுமதியும் இல்லை, நீங்களே பேசலாம். ஆனால் அவர் விசாரிப்பது இன்சூரன்ஸ் கம்பெனியை மட்டும்தான்.

எலக்ட்ரீஷியனையும் சேர்க்க வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம்தான் இடம். உங்கள் விஷயத்தில் நான் அதையே சொல்வேன். 15 இருந்த இடத்தில் 30 போட்டது தெளிவான சேவைக் குறைபாடு. பில் இல்லாதது பெரிய தடை இல்லை: ஜிபே பதிவு, வங்கி ஸ்டேட்மென்ட், அவரோடு பேசிய வாட்ஸ்அப் போதும். அவரை இன்சூரன்ஸ் கம்பெனியோடு சேர்த்து எதிர்தரப்பாகப் போடுங்கள், பழியை ஒருவர்மேல் ஒருவர் தள்ளுவதை ஆணையம் ஒரே இடத்தில் கேட்கட்டும். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகார் கொடுக்கலாம் என்பதால் பெரம்பலூர், அரியலூர் இரண்டில் எந்த மாவட்ட ஆணையமும் உங்களுக்குச் சரி. கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. பிரீமியமும் எலக்ட்ரீஷியன் கூலியும் அதற்குள் அடங்கும். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆம்புட்ஸ்மேன், ஆணையம் இரண்டிலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது.

புகாரோடு, அதே நுகர்வோர் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி ஃபியூஸ் பாக்ஸையும் வயரிங்கையும் ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்டு ஒரு மனுவும் கொடுங்கள். அதுவரை பச்சை ஃபியூஸ் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.