நளன் கற்ற கணக்கு

இந்த மாதப் பாடம் நளன் கதை. திருநள்ளாறு, சனி பகவான் என்று எல்லாருக்கும் தெரிந்த கதைதான். நான் அதை ஒழுங்காகப் படித்தது போன வருடம், ஒரு வெட்கக்கேட்டுக்குப் பிறகு.

பாட்டிக்குக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் அப்பாயின்ட்மென்ட். காரில் நானே கூட்டிப் போறேன்னு சொல்லியிருந்தேன். முதல் நாள் ராத்திரி மொபைல் லெஜண்ட்ஸ். ஒரு ஸ்டார் போச்சு, அதைப் பிடிக்க இன்னொரு மேட்ச். படுக்கும்போது மணி நாலு. நான் எழுந்தபோது பாட்டி தனியாகவே போய்விட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அசந்து தூங்கிட்டிருந்த, எழுப்ப மனசு வரலய்யா." திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மகாபாரதத்தில், வன பர்வத்தில் வருகிறது இந்தக் கதை. நளனைப் பிடிக்கக் கலி பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தான். ஒருநாள் நளன் காலைக் கழுவாமல் சந்தி செய்ய உட்கார்ந்தான். அந்தச் சின்ன இடைவெளி போதுமாக இருந்தது. பிறகு புட்கரனோடு சூது. தமயந்தி அழுதாள், அமைச்சர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு மேட்ச் முடிச்சிட்டு வரேம்மா" கதைதான்.

எப்படி மீண்டான் என்பதைத்தான் கவனிக்கணும். நாடிழந்து, இருதுபன்னன் என்ற மன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தான். வழியில் அந்த மன்னன் ஒரு தான்றி மரத்தின் இலை, காய்க் கணக்கைப் பார்த்தவுடன் சொன்னான். நளன் தேரை நிறுத்தி எண்ணினான், சரியாக இருந்தது. அந்தக் காலத்தில் தான்றிக்காயை வைத்துத்தான் சூதாடினார்கள். தன் குதிரை வித்தையைத் தருவதாகச் சொல்லி, அந்த வித்தையை நளன் கேட்டு வாங்கினான். சூதின் உள் கணக்கு புரிந்ததும் கலி வெளியேறினான்.

நானும் எஞ்சினியரிங் மாணவன்தானே, கேமைப் பிரித்துப் பார்த்தேன். ஜெயித்தால் ஸ்டார் வரும், தோற்றால் போகும். சீசன் முடிந்தால் ரேங்க் இறங்கும். ஏறினதையே மறுபடி ஏறணும். தினமும் உள்ளே வந்தால் பரிசு, பாதியில் எழுந்தால் தண்டனை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கேமிங் கோளாறும் சூதாட்டக் கோளாறும் ஒரே பிரிவில் இருக்கின்றன. அடையாளம்: கட்டுப்பாடு போவது, எல்லாவற்றுக்கும் முன்னால் அதுவே வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, அதுவும் பொதுவாக 12 மாதம். விளையாடுகிற எல்லாருக்கும் இது இல்லை. 2019இல் கோலாலம்பூரிலேயே இந்த கேமுக்கு உலகப் போட்டி நடந்தது. அங்கே ஆடியவர்களுக்கு அது நேரம் வைத்துச் செய்த பயிற்சி. எனக்கு ஒளிந்துகொள்ளும் இடம்.

வகுப்பில் ஒரு தம்பி மடக்கினான்: "அண்ணா, நளன் மறுபடியும் ஆடித்தானே நாட்டை வாங்கினான்?" உண்மைதான். ஆனால் ஜெயித்ததும் புட்கரனை மன்னித்து அனுப்பிவிட்டு நிறுத்தினான். அந்தத் தெம்பு எனக்கு இல்லை, அதனால் கேமை அழித்துவிட்டேன். இரண்டு வாரம் விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போனது. அப்போதெல்லாம், ஃபெயிலான கணிதப் பாடத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன்.

வீட்டுப்பாடம்: ஏழு நாள், கேமைத் திறக்கும் முன் மனசில் என்ன இருந்தது என்று ஒரே வரி எழுதுங்க. அழிப்பதற்கு முன் நான் எழுதிய நோட்டில் அதிகம் வந்த வார்த்தை 'பயம்'. சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்க. வியாழன் காலை மட்டும் வேண்டாம், பாட்டிக்கு அப்பாயின்ட்மென்ட்.