மக்கள்தொகைப் பெருக்கம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மக்கள்தொகையைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பல, எண்ணிக்கை, வீதம், சராசரி, வயதமைப்பு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால் பிறந்தவை.

நம்பிக்கை 1: உலக மக்கள்தொகை முன்பைவிட வேகமாகப் பெருகுகிறது.

உண்மை: எண்ணிக்கை கூடுகிறது, வேகம் குறைகிறது. 1960-களில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டைத் தாண்டியிருந்த வளர்ச்சி வீதம் இன்று 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. 70-ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தால், மக்கள்தொகை இரட்டிப்பாகும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும். 2 விழுக்காட்டு வளர்ச்சியில் அது 35 ஆண்டு. 1 விழுக்காட்டில் 70 ஆண்டு. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்ட உலகம், 2080-களில் ஏறத்தாழ 1,030 கோடியில் உச்சத்தை எட்டி, பிறகு மெல்லக் குறையும் என்பது ஐ.நா. 2024-இல் வெளியிட்ட கணிப்பு.

நம்பிக்கை 2: பிறப்புகள் கூடியதால்தான் இந்திய மக்கள்தொகை பெருகியது.

உண்மை: இறப்புகள் குறைந்ததால் பெருகியது. 1911-இல் சுமார் 25.2 கோடியாக இருந்த மக்கள்தொகை, பஞ்சமும் 1918-இன் இன்ஃப்ளூயன்சாவும் வாட்டியதில் 1921-இல் சற்றுக் குறைந்தே இருந்தது. அப்போது ஆயிரம் பேருக்குப் பிறப்பு சுமார் 48, இறப்பு சுமார் 47. 1951-இல் பிறப்பு 40 அளவுக்குக் குறைந்தது; இறப்போ 27 ஆகச் சரிந்தது. இடைவெளி விரிந்தது, மக்கள்தொகை 36 கோடியைத் தாண்டியது. முதலில் இறப்பும், காலம் தாழ்த்திப் பிறப்பும் குறைவதையே மக்கள்தொகை மாற்றக் கோட்பாடு விளக்குகிறது. அந்தப் பெருக்கம், சாகாமல் பிழைத்த குழந்தைகளின் கணக்கு.

நம்பிக்கை 3: சராசரி ஆயுள் 32 என்றால், மக்கள் 32 வயதிலேயே முதுமையடைந்து இறந்தார்கள்.

உண்மை: விடுதலையின்போது இந்தியாவின் சராசரி ஆயுள் 32 ஆண்டை ஒட்டி இருந்தது. ஒரு வீட்டில் ஒரு குழந்தை பிறந்த வாரமே இறக்கிறது. அதன் அக்காள் 64 வயதுவரை வாழ்கிறாள். இருவரின் சராசரி 32. அந்த வயதில் அங்கே எவரும் இறக்கவில்லை. சராசரியைக் கீழே இழுத்ததில் சிசு மரணத்துக்கே பெரும்பங்கு.

நம்பிக்கை 4: கடுமையான சட்டம் போட்டால்தான் பிறப்பு குறையும்.

உண்மை: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. நாடு ஒன்றுதான்; தமிழ்நாட்டில் பெற்றோருக்குக் குழந்தை வரம்பு விதிக்கும் சட்டம் எதுவும் இல்லை. பெண்களின் படிப்பு, தள்ளிப்போகும் திருமணம், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற உறுதி, எளிதில் கிடைக்கும் கருத்தடை வசதி ஆகியவையே வேறுபாட்டுக்கு முக்கியக் காரணங்கள். சீனாவிலும் பெரும் சரிவு 1970-களிலேயே நிகழ்ந்துவிட்டது. ஒரு குழந்தைக் கொள்கை 1980-இல்தான் வந்தது. அதைக் கைவிட்ட பிறகும் அங்கே பிறப்பு மீளவில்லை.

நம்பிக்கை 5: தம்பதிக்கு இரண்டு குழந்தை என்றானதும் வளர்ச்சி நின்றுவிடும்.

உண்மை: ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்பப் பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் தேவை. இந்தியாவின் சராசரி 2.0-க்கு இறங்கியும் மக்கள்தொகை கூடுகிறது. காரணம் வயதமைப்பு. ஒரு சிற்றூரில் முதியோர் 100 பேர், இளைஞர் 300 பேர் என்று கொள்வோம். 150 தம்பதிகளும் இரண்டிரண்டு பெற்றால் 300 குழந்தைகள் பிறக்கின்றன. அதற்குள் முதியோர் அனைவரும் இறந்தாலும் இழப்பு 100தான்; 400 பேர் இருந்த ஊர் 600 ஆகிறது. அந்த 300 இளைஞர்களும் முதுமையை எட்டும் காலத்தில்தான் இறப்பு பிறப்புக்குச் சமமாகும். வளர்ச்சியும் அப்போதுதான் நிற்கும்.